பிறழ் சாட்சி

சாட்சிக் கூண்டின் மரக்கட்டை வழவழவென்று இருந்தது. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் பயத்தில் இறுக்கிப் பிடித்து அப்படி ஆகியிருக்க வேண்டும். என் கையும் வேர்த்திருந்ததால் பிடி நிற்கவில்லை. கைக்குட்டையைக் கட்டைமேல் விரித்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

அரசு வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர் பக்கத்துச் சாட்சி, சிரிக்கத்தானே செய்வார்.

“செல்லத்தாய் சிஸ்டர், நீங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பணியில இருக்கும்போது எதிரி உள்ள நுழைஞ்சு உங்களைப் பிடிச்சுத் தள்ளினாரா?”

குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் ‘எதிரி’ என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எதிர்ப்பக்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாகுல் ஹமீது நின்றார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் என் வீட்டுக்காரர் முருகையா உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் பூராவும் விசைத்தறிச் சத்தத்தில் நின்றவர், காது மந்தம். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், “என்ன கேக்காவ?” என்றார். அது கோர்ட் முழுக்கக் கேட்டது. நடுவரம்மா தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

நான் அங்கே போய் நின்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செல்போன் வெளிச்சம்

குருவிகுளம் பக்கத்தில் மானாவாரிக் காட்டுக்கு நடுவே ஒரு கிராமம். அங்கேயிருந்த சுகாதார நிலையத்தில்தான் என் வேலையின் கடைசி வருஷங்கள் கழிந்தன. சங்கரன்கோவிலிலிருந்து காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். பூ மார்க்கெட்டுக்கு வந்துவிட்டு ஊர் திரும்பும் பெண்கள் அந்தக் காலை பஸ்ஸில் இருப்பார்கள். அவர்களின் காலிக் கூடையில் மிச்சம் இருக்கும் மல்லிகை வாசனையோடுதான் நான் வேலைக்குப் போய் இறங்குவேன்.

ஒரு ஐப்பசி மாதம். மத்தியானமே மேகம் இருட்டிக்கொண்டு வந்து, நாலு மணிக்கு மேல் கொட்டத் தொடங்கியது. எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. டாக்டரம்மா பிரசவ விடுப்பில் இருந்தார். பொறுப்பு டாக்டருக்கு இன்னொரு ஊரிலும் வேலை, போனில்தான் கிடைப்பார். நானும் துப்புரவுப் பணியாளரும் மட்டும் இருந்தோம்.

அப்போது ஒரு பைக் வந்து வாசலில் நின்றது. ஓட்டிவந்தவர் எனக்குத் தெரியாத ஆள். நடுவில் கருப்பசாமி, பின்னால் அவரைத் தாங்கிப் பிடித்தபடி அவர் மனைவி பேச்சியம்மாள். மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். கருப்பசாமி கிடை போட்டு ஆடு மேய்க்கிறவர். குடையை ஊன்றி நிற்கும்போது கணுக்காலில் சுருட்டை விரியன் கடித்துவிட்டது.

“நர்சம்மா, ஆடு பூரா அங்கன மழையில நிக்கி” என்றார் கருப்பசாமி. கடிபட்டவரின் முதல் கவலை அது.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஜெனரேட்டர் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. நிற்க மட்டும்தான் செய்யும், ஓடிப் பல மாதம் ஆகியிருந்தது. என் போனில் டாக்டரைப் பிடித்து வைத்திருந்ததால் அதை வெளிச்சத்துக்குப் பயன்படுத்த முடியாது. பேச்சியம்மாளிடம் போன் இல்லை. துப்புரவுப் பணியாளர் தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட, சிக்னல் தேடி வெளியே ஓடியிருந்தாள். பைக்காரர் வாசலிலேயே தயங்கி நின்றார்.

“அண்ணாச்சி, உள்ள வாங்க. லைட் அடிங்க” என்று நான்தான் கூப்பிட்டேன்.

அவர் வந்து செல்போன் விளக்கைப் பிடித்தார். நனைந்த உடம்பில் நரம்பு கிடைப்பது கஷ்டம். ஒரு முறை தப்பியது, மறுமுறை கிடைத்தது. விஷமுறிவு மருந்தைக் குளுக்கோஸில் கலந்து ஏற்றத் தொடங்கினேன். அவர் விளக்கை அசைக்கவில்லை. ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்வார். பேச்சியம்மாள் கணவனின் தலைமாட்டில் நின்றுகொண்டு, “இந்தாரும், கண்ண மூடாதேயும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்து கருப்பசாமியை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அந்த ஆளிடம் பேர் கேட்டேன்.

“சாகுல் ஹமீது. கடையநல்லூர் சொந்த ஊரு. சங்கரன்கோவில்ல செய்தி சேனல் வச்சிருக்கேன், யூடியூப்ல.”

வளைகுடாவில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடை மாடியில் அறை எடுத்து, ரோடு, தண்ணீர், தெருவிளக்கு என்று உள்ளூர்ச் செய்தி போடுகிறவர். அன்றைக்கு ஓடைப்பாலம் உடைந்ததைப் படம் எடுக்க வந்த இடத்தில், வழியில் நின்று கையைக் காட்டிய பேச்சியம்மாளைப் பார்த்திருக்கிறார்.

“சிஸ்டர், இங்கன நடந்தத செய்தியா போடலாமா? ஒங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம்.”

எனக்குச் சங்கடம்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. “நடந்தத நடந்தபடி போடுங்க” என்றேன்.

யார் சொன்னது?

இந்தத் தொடரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தவற்றை முன்பே எழுதியிருக்கிறேன். அப்போது விட்டுப்போன ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது.

வேறொரு ஊரில் நர்ஸ் குடியிருப்பில் இருந்தேன். கோடையில் கிணறு வற்றிவிட்டது. நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கிடையாது. சைக்கிளில் சுற்றும் பத்திரிகை நிருபர் ஒருவர் அதைக் கேள்விப்பட்டு நாலு வரி எழுதினார். ஆறாம் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே வந்தது.

மறுநாள் ஜீப்பில் அதிகாரி வந்தார். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பேப்பர்காரன்ட்ட யாரு சொன்னது?” என்றுதான் கேட்டார். எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். அந்தச் செய்தி உண்மையா பொய்யா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த மாதம் முடிவதற்குள் ஆழ்துளை போடும் லாரி வந்து நின்றது. திட்டு வாங்கியதையும் தண்ணீர் வந்ததையும் நாங்கள் சேர்த்தேதான் நினைத்துக்கொள்வோம்.

சாகுலின் வீடியோ வந்த மறுநாளும் எனக்கு வந்த முதல் போன் அதே கேள்வியோடுதான் வந்தது.

கையெழுத்து வேண்டாம்

வீடியோவில் என் முகம் இல்லை, கருப்பசாமியின் முகமும் இல்லை. இருட்டான வராந்தா, கொட்டகையில் நின்ற ஜெனரேட்டர், அதற்கு மேல் சாகுலின் குரல். “பாம்பு கடிச்சி வந்த மனுசனுக்கு செல்போன் வெளிச்சத்துல மருந்து ஏத்துதாவ. ஜெனரேட்டர் இருக்கு, டீசல் இல்ல.” அவ்வளவுதான். ஜில்லா முழுக்கப் பரவிவிட்டது. கல்ஃப்பில் இருக்கும் ஊர்க்காரர்கள்கூடப் பகிர்ந்தார்கள்.

மேலிடத்தில் கோபம். என் மேலதிகாரி ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். அத்துமீறி நுழைந்தான், நர்ஸைத் தள்ளிவிட்டுப் பணியைத் தடுத்தான், ஜனங்களைப் பீதியாக்கப் பொய்ச் செய்தி பரப்பினான் என்று புகார். ஒரு காலையில் சாகுலை அந்த மாடி அறையிலிருந்தே அழைத்துப் போனார்கள். போனும் லேப்டாப்பும் போயின. ஜாமீன் கிடைப்பதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகும் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

என்னிடம் விசாரிக்க வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

“கையெழுத்துப் போடணுமா சார்?”

“வேண்டாம்மா. போலீஸ்ல கொடுக்கிற வாக்குமூலத்துக்குக் கையெழுத்து கிடையாது.”

அது சட்டம்தான் என்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன்.

சாகுல் பக்கத்திலிருந்து யாரும் என்னைத் தேடி வரவில்லை. மகனுக்காக அவர் உம்மா என்னைப் பார்த்து அழுவதற்குப் புறப்பட்டாராம். “அந்தம்மா கவர்மெண்டு வேலையில இருக்காவ, போயி நிக்காதீங்க” என்று சாகுலே தடுத்துவிட்டாராம். இதை வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

வாய்தா

வழக்கு சங்கரன்கோவில் கோர்ட்டில் நடந்தது. மதுரை ஹைகோர்ட்டுக்குப் போய் வழக்கையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்று சாகுலின் நண்பர்கள் சொன்னார்களாம். “பாத்த ஆளுக எல்லாம் இங்கனதான இருக்காவ. இங்கனயே நடக்கட்டும்” என்றாராம் அவர்.

முதல் தடவை சம்மன் வந்து போனபோது நடுவரம்மா விடுப்பு. அடுத்த தடவை கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா. போலீஸ் எல்லாம் பந்தோபஸ்துக்குப் போய்விட்டதால் வாய்தா. வீட்டுக்குப் போக பஸ் இல்லாமல், நானும் என் வீட்டுக்காரரும் தேர்க்கூட்டத்துக்குள் மாட்டி, மாவிளக்குத் தட்டுகளுக்கு நடுவே தள்ளுப்பட்டு வந்து சேர்ந்தோம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னால் மேலதிகாரி போன் செய்வார்.

“ரெண்டே வார்த்தை சிஸ்டர். கேக்கிறதுக்கு ‘ஆமா’ன்னு சொல்லிட்டு இறங்கிருங்க. ரிட்டயர் ஆகப் போற நேரம் பாருங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை ரொம்பவும் அன்பாகச் சொல்வார்.

என் வீட்டுக்காரர் முதலில் அவர் கட்சிதான். “ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? அவன் வக்கீல் வச்சிருக்கான். அவன் பாத்துக்கிடுவான்” என்றார். எனக்கும் அப்படித் தோன்றிய நாட்கள் உண்டு. ஒரு நாள் நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “சரி, அவன் தள்ளுனானா இல்லியா, எங்கிட்ட சொல்லு” என்றார்.

“தள்ளல.”

“பெறகு என்ன யோசன? நீ தப்பாச் சொன்னேன்னா ஒனக்குத்தான் தொண்டையில சோறு எறங்காது. எனக்குத் தெரியாதா ஒன்ன?”

சாட்சி சொல்ல வேண்டிய அன்றைக்கும் தறிக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார்.

கோர்ட் வராந்தாவில் ஏட்டையா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க கொடுத்த வாக்குமூலத்த ஒருக்கா வாசிக்கேன், கேட்டுக்கிடுங்க” என்றார். வாசித்தார். அதில் சாகுல் என்னைத் தோளில் பிடித்துத் தள்ளினார். நான் நிலைதடுமாறினேன். மருந்து ஏற்றுவது தாமதமானது. எல்லாம் என் வாய்ச்சொல்லாக இருந்தது.

“இத நான் சொல்லவே இல்லியே.”

அவர் காகிதத்தை மடித்தார். “எனக்குத் தெரியாதும்மா. எழுதியிருக்கு.”

அதற்குள் உள்ளே என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேட்டரி

“எதிரி உங்களைப் பிடிச்சுத் தள்ளினாரா?”

“தள்ளல சார்” என்றேன். “அவரு லைட் பிடிச்சாரு. உள்ள வரச் சொன்னதே நான்தான்.”

அரசு வக்கீலின் சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நடுவர் பக்கம் திரும்பி, என்னைப் பிறழ் சாட்சியாக அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார்.

பிறழ் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிறழ்ந்தவள் என்றால் தடம் மாறினவள் இல்லையா. இத்தனை வருஷ வேலையில் ஒரு மெமோ வாங்கியதில்லை.

“அம்மா, அப்படின்னா என்ன?” என்று நடுவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

நடுவரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். கோபப்படவில்லை. “கூப்பிட்ட தரப்புக்குச் சாதகமாச் சொல்லாத சாட்சின்னு அர்த்தம். நீங்க பொய் சொன்னீங்கன்னு இப்ப யாரும் முடிவு பண்ணல. கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார்.

அரசு வக்கீல் விடாமல் கேட்டார். எதிரியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேனா, எதிரி தரப்பு என்னை மிரட்டியதா, போலீசில் ஒன்று சொல்லி இங்கே மாற்றிச் சொல்கிறேனா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பின்வரிசையிலிருந்து “என்ன சொல்லுதா?” என்று ஒரு தடவை கேட்டது. யாரோ என் வீட்டுக்காரர் காதில் சொன்னார்கள். “அது சரி” என்றார்.

அடுத்து சாகுலின் வக்கீல் எழுந்தார். இளைஞர். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

“சிஸ்டர், அந்த வீடியோவை நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அதுல சொல்லியிருக்கிறதுல எதாவது பொய் இருக்கா?”

இல்லை என்று சொல்லி இறங்கியிருக்கலாம். ஆனால் உண்மையை மட்டும் சொல்வேன் என்று சற்று முன்னால்தான் சத்தியம் செய்திருந்தேன்.

“ஒண்ணு சரியில்ல சார். ஜெனரேட்டர்ல டீசல் இல்லன்னு சொல்லுதாரு. டீசல் இருந்துச்சு. அத ஸ்டார்ட் பண்ணுத பேட்டரிதான் செத்துப் போச்சு.”

வக்கீலின் முகம் வாடியது. அரசு வக்கீல் பாதி எழுந்துவிட்டார். நடுவரம்மா ஒவ்வொரு சொல்லாக டைப் அடிப்பவரிடம் சொன்னார். டீசல் இருந்தது. பேட்டரி இயங்கவில்லை. தள்ளவில்லை என்று சொல்லி ஒரு கதவைத் திறந்துவிட்டு, பேட்டரியைச் சொல்லி இன்னொரு கதவைச் சாத்திவிட்டேனோ?

சாகுல் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

திருத்தம்

அடுத்த நாள் அது புரிந்தது. எங்கள் துப்புரவுப் பணியாளர் போனை நீட்டி, “சிஸ்டர், இதப் பாருங்க” என்றாள். சாகுலின் சேனல். கடன் வாங்கிய போனில் எடுத்தது போலிருக்கிறது, படம் ஆடியது.

“அன்னைக்கு நான் போட்ட செய்தியில ஒரு தப்பு இருக்கு. டீசல் இல்லன்னு சொன்னேன். அங்கன நின்ன ஒருத்தர் சொன்னத அப்படியே சொல்லிட்டேன், தொறந்து பாக்கல. டீசல் இருந்திருக்கு. பேட்டரிதான் போயிருக்கு. தப்பு என்னோடது. வெளிச்சம் இல்லங்கிறது மட்டும் மாறல.”

வழக்கு நடக்கும்போது இப்படித் தானாகவே தப்பை ஒப்புக்கொண்டால் தீர்ப்பு என்னவாகும் என்று அவர் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். “செய்தின்னா சரியா இருக்கணும் சார். கேஸு பெறகு” என்றாராம் சாகுல்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. துறைக்குக் களங்கம் ஏற்படும்படி சாட்சியம் அளித்ததாக எழுதியிருந்தார்கள். பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, தடுப்பூசி நாள் வேலையைப் பார்த்தேன். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் சோறு இறங்கியது.

என்னை அடுத்து கருப்பசாமியும் பேச்சியம்மாளும் சாட்சி சொன்னார்கள். “தள்ளுனாரா” என்று கேட்டதற்கு, “அவரு என்னத் தூக்கிட்டுல்லா வந்தாரு” என்றார் கருப்பசாமி. காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடந்தார். கடி அந்த அடையாளத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது.

தீர்ப்பு நாளில் கோர்ட் நிரம்பியிருந்தது. கடையநல்லூரிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. வேறு ஊர்களில் சேனல் வைத்திருக்கும் பையன்கள், பத்திரிகை நிருபர்கள், பேச்சியம்மாளோடு எங்கள் கிராமத்து ஆட்கள். நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

நடுவரம்மா வேகமாக வாசித்தார். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தள்ளியதாகச் சொல்லப்பட்ட சாட்சியே தள்ளவில்லை என்கிறார், உள்ளே வரச் சொன்னதும் அவர்தான். அந்த இரண்டு குற்றச்சாட்டும் போயிற்று. மூன்றாவது, பொய்ச் செய்தி. அங்கே என் பேட்டரி வந்தது. என் பெயரையும் வாசித்தார்.

பிறழ் சாட்சியாக அறிவிக்கப்பட்ட இந்தச் சாட்சி, எதிரிக்குப் பாதகமான உண்மையையும் தானாகவே சொல்லியிருப்பதால் அவரை நம்பலாம் என்றார். டீசலா பேட்டரியா என்பதில் எதிரி தவறியிருக்கிறார், தெரிந்ததும் திருத்தியிருக்கிறார். ஆனால் சிகிச்சை இருட்டில் நடந்தது என்ற செய்தி உண்மை. அதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு. ஒரு செய்தியில் ஒவ்வொரு சின்ன விவரமும் சரியாக இருந்தால்தான் சொல்லலாம் என்றால், பயத்தில் யாரும் எதையும் சொல்ல முன்வர மாட்டார்கள். நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை குற்றம் ஆகாது.

விடுதலை.

யாரும் கை தட்டவில்லை, அங்கே தட்டவும் கூடாது. சாகுலின் உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் சாகுல் என் அருகில் வந்தார். நான்தான் முந்திக்கொண்டேன்.

“அண்ணாச்சி, அந்தப் பேட்டரிய நான் சொல்லாம இருந்திருக்கலாம்னு எத்தன நாள் நெனச்சேன் தெரியுமா.”

“சொன்னதுனாலதான் சிஸ்டர் ஒங்க மத்த பேச்சையும் நம்புனாவ” என்றார். “அல்லா ஒங்கள நல்லா வைப்பான்.”

என் வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பிரியாணி சாப்பிடுவோமா?” என்று தெருவே கேட்கும்படி கேட்டார்.

கிராம சபை

தீர்ப்பு நகலை வைத்து எழுதிக் கொடுத்த பிறகு என் மெமோவைக் கைவிட்டார்கள். சுகாதார நிலையத்துக்குப் புதிய பேட்டரி வந்தது. பிறகு கூரையில் சோலார் தகடும் வந்தது. வழக்கினால் வந்ததா, வரவேண்டிய முறையில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அதன் பிறகு வந்த காந்தி ஜெயந்திக் கிராம சபையை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாமியானா போட்டிருந்தார்கள். சுகாதாரத் துறை சார்பில் நானும் ஒரு நாற்காலியில் இருந்தேன். வழக்கமாக அந்தக் கூட்டத்தில் தீர்மானத்தை வாசிப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், டீ குடித்துவிட்டுக் கலைவார்கள்.

அன்றைக்குப் பேச்சியம்மாள் எழுந்தாள். மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போன் ஒன்றைக் கையில் நேராகப் பிடித்திருந்தாள். உடைந்த ஓடைப்பாலம் இன்னும் அப்படியே கிடக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறார்கள் என்று ஆரம்பித்தாள்.

கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி கையை உயர்த்தினார். “அம்மா, சொல்றதைச் சொல்லுங்க. போனை உள்ள வைங்க. வீடியோ எல்லாம் எடுக்கக் கூடாது.”

பேச்சியம்மாள் போனை இறக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“எடுக்கலாம் சார். கோர்ட்டுல கேட்டுட்டுத்தான் வந்திருக்கோம்.”

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் இன்னும் நாலைந்து பேர் முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்தார்கள். அதிகாரி அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரிம்மா. பாலம் எந்த இடத்துல உடைஞ்சிருக்கு? முதல்ல இருந்து சொல்லுங்க.”